சரிவில்லாத ஊர்

வால்பாறையில் இருபத்தாறு வருஷம்
சரிவில் நின்றே கொழுந்து பறித்ததில்
என் இடது கால் விரற்கடை நீண்டுவிட்டது என்பார் இவர்.
அளந்து பார்த்ததில்லை.

எஸ்டேட் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை
வேலூரில் ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கும் மகன் ஜெபசீலன்
மூன்று தாலுகாவுக்கும் பங்கிட்டு
போனில் கட்டம் போட்டு வைத்திருந்தான்.
அணைக்கட்டு. கே.வி.குப்பம். நெமிலி.
குறுக்கே தண்ணீர், பஸ், ஆஸ்பத்திரி தூரம், சென்ட் விலை.
வெயிலுக்குக் கட்டமில்லை.
அது எல்லா ஊருக்கும் பொது என்றான்.

சித்திரை மாதம் காட்பாடி ஜங்ஷனில் இறங்கியதும்
வடித்த கஞ்சியை முகத்தில் ஊற்றினாற்போல் காற்று.
பையில் இரண்டு ஸ்வெட்டர் வைத்திருந்தேன்.
சிரித்தது நான் மட்டும்.

புரோக்கர் பெயர் கன்னியப்பன்.
இலவம்பாடி தாண்டி ஒரு நிலம் காட்டினார்,
வரப்போரம் முள்ளுக்கத்தரி, பின்னால் மலை.
மலையைப் பார்த்ததும் என் கால்
தானாகவே மேலே வைக்கப் பார்த்தது.
கிணற்றை எட்டிப் பார்த்தேன். வானம் தெரிந்தது.
இங்கேயே இருந்துவிடலாம் என்றேன்.

"சாருக்குப் பூர்வீகம் எந்தாண்ட?"
திண்டுக்கல் பக்கம் என்றார் இவர்.
"அது சரி. அதுல எந்தாண்ட?"
இவர் சொன்னார்.
கன்னியப்பன் கத்தரிச் செடியிடம் சொன்னார்:
"ஓனர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேன்."
ஓனர் இன்னும் போனை எடுக்கவில்லை.

மகன் அணைக்கட்டுக்கு நேரே
ரோடு சரியில்லை என்று எழுதிக்கொண்டான்.
ரோடு நன்றாகத்தான் இருந்தது.

லத்தேரி டீக்கடையில் எல்லோருக்கும் பேப்பர் கப்.
பேப்பர் கப் வந்ததில் கடைக்காரருக்கும் நிம்மதி
எங்களுக்கும் நிம்மதி.
தண்டவாளத்துக்குத் தெற்கே முப்பது சென்ட்,
சென்ட் இருபத்திரண்டாயிரம்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் முன்பணத்தோடு போனால் நாற்பதாயிரம்.
ராத்திரியோடு ராத்திரியாக
நிலம் வளர்ந்திருக்கும் என்றார் இவர்.
ரயில் போகும்வரை மூவரும் பேசாமல் நின்றோம்.
சரக்கு ரயில். நீளமாகப் போனது.

நெமிலிப் பக்கம் தரை
தாம்பாளம்போல் கிடக்கிறது.
பனையைத் தவிர எழுந்து நிற்க எதுவுமில்லை.
எங்கே நின்றாலும் நடுவில் நிற்கிற மாதிரி.
எனக்குத் தலை சுற்றியது,
மேட்டைப் பார்த்தே பழகிய கண்.
மகன் சொன்னான்: ரெண்டு பஸ் மாறணும்,
அறுபது கிலோமீட்டருக்கு மேல, தண்ணி கொஞ்சம் உப்பு,
எல்லாக் கட்டத்திலயும் இதுதான் கடைசி.

விற்கிறவள் தேசம்மாள்.
தன் எண்பது சென்டில் பாதி, போர்வெல்லிலும் பாதி.
மகள் கல்யாணத்துக் கடன் என்று நேராகச் சொன்னாள்.
"கரண்ட்டு ராத்திரிதான் உடுவான்.
பதினோரு மணிக்கு என் மொற, ஒரு மணிக்கு உங்களுது.
ஏந்துப்பீங்களா?"
ஏந்துப்போம் என்றேன்.
அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தோம்.
மோர் குடித்து முடித்தோம்.
சொம்பை வாங்கி, அதிலேயே மீதியை
அண்ணாந்து குடித்தாள்.

பஸ் வரும்போதுதான் கேட்டாள்:
"செத்தா இங்கியே வெச்சிக்குவீங்களா,
ஊருக்கு எடுத்துப் போவீங்களா?"
இவர் முகம் இறுகியது.
அவள் கையை நீட்டிக் காட்டினாள்:
"இல்ல, எங்க சுடுகாட்டுக்குப் போற வழி
ஐப்பசில இடுப்பளவு முழுகிடும்.
மனு குடுத்தே ஓஞ்சிட்டோம்.
இன்னும் ரெண்டு பேர் சேந்தா நல்லாருக்கும்னுதான்."

எங்க என்றாள்.
பஸ்ஸை விட்டுவிட்டோம்.

மகனுக்குக் கோபம். கட்டத்தைத் திறந்து காட்டினான்,
மூடினான், மறுபடி திறந்தான்.
எதற்கு நேரே எதை எழுதுவது என்று
அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும்.

வைகாசியில் முதல் முறை.
ராத்திரி ஒரு மணி, டார்ச், மண்வெட்டி.
மடையைத் திறந்தால்
நீர் வந்து நடு வயலில் நின்றது,
எந்தப் பக்கம் போவதென்று புரியாததுபோல்.
நானும் நின்றேன்.
பிறகு மெதுவாக, யாரும் சொல்லாமல்,
என் இடது காலைத் தேடி வந்தது.